படத்துக்கு மார்க் போட்டோம், வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது

பாளையங்கோட்டையிலிருந்து 27 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கிச் சொல்கிறேன்.

கல்லூரியில் ஒன்றாகப் படித்த ஆறு நண்பர்கள். வேலைக்குப் போன பிறகும் புதுப்படம் வந்தால் சேர்ந்துதான் போகிறார்கள். படம் விட்டதும் வண்ணார்பேட்டையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, பத்துக்கு இத்தனை என்று ஆளாளுக்கு மார்க் போட வேண்டும். ஏன் அந்த மார்க் என்று காரணமும் சொல்ல வேண்டும். காரணம் சொல்லத் தெரியாதவர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு வருடம் முன்பு அவர்களில் ஒருவர் இந்தப் பேச்சைச் செல்போனில் பதிவு செய்து யூடியூபில் போட ஆரம்பித்தார். அசல் நெல்லைப் பேச்சு என்பதால் பார்க்க ஆள் சேர்ந்தது.

சிக்கல் ஒரு பண்டிகைப் படத்தில் வந்தது. ஆறு பேருக்குமே படம் பிடிக்கவில்லை. "இடைவேளைக்குப் பிறகு கதையே இல்லை, ஹீரோவுக்கு அழவும் வரலை, சிரிக்கவும் வரலை" என்று விளாசியிருக்கிறார்கள். பேச்சு சூடானபோது ஒருவர், "இது கூட்டாளிகிட்ட இருந்து திருடின கதைலே, கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கத்தான் படத்தையே எடுத்திருக்கானுவ" என்று சொல்லிவிட்டார். தியேட்டரில் செல்போனில் எடுத்த 40 விநாடிக் காட்சி ஒன்றையும் வீடியோவில் சேர்த்திருக்கிறார்கள். மூன்று வாரம் கழித்து, சேனல் வைத்திருக்கும் நண்பருக்குத் தயாரிப்பாளர் தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஏழு நாளில் வீடியோவை நீக்கி மன்னிப்புக் கேட்க வேண்டும், ஒரு கோடி ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும், தவறினால் சிவில், கிரிமினல் இரண்டும் தொடுப்போம் என்கிறது நோட்டீஸ்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் இன்னும் இரண்டு விஷயம் சொல்கிறார். தாமிரபரணிக் கரையில் ஒரு நண்பரின் பூர்வீக வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை இரவுகளில் புரொஜெக்டர் வைத்துப் படம் போடுகிறார்கள். டெலிகிராமில் இறக்கியது, இல்லையென்றால் ஒரு நண்பரின் ஓடிடி கணக்கில் இருப்பது. அக்கம்பக்கத்தார், குழந்தைகள் என்று முப்பது நாற்பது பேர் வருகிறார்கள். சுண்டலும் சுக்குக் காபியும் கொடுத்துத் தலைக்கு 20 ரூபாய் வாங்குகிறார்கள். அப்புறம், வேறொரு படத்துக்கு விளம்பர வேலை பார்த்தவர் 5,000 ரூபாய் கொடுத்து "எட்டு மார்க்குக்குக் குறையாமல் பார்த்துக்கோங்க" என்று கேட்டார், சேனல் நண்பர் வாங்கிக்கொண்டார்.

"இனி படத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாதா அண்ணாச்சி? நான் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். கேஸ் வந்தால் என் கதி என்ன? அந்தக் கூட்டத்தையே விட்டுவிடு என்கிறார் அப்பா. அந்த வார்த்தையைச் சொன்ன நண்பனோடு மற்றவர்கள் பேசுவதில்லை" என்று முடிக்கிறார்.

தம்பி,

உங்கள் கடிதத்தில் விமர்சனத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பயப்பட்டிருக்கிறீர்கள். மொட்டை மாடிக்கு மூன்று வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். எனக்கு வந்த கவலை நேர் எதிராக இருக்கிறது. படம் நன்றாக இல்லை என்று சொன்னதற்காகச் சட்டம் உங்களைத் தேடி வராது. காசு வாங்கிக்கொண்டு திருட்டுப் பிரதியைப் போட்டுக் காட்டியதற்கு வரலாம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நோட்டீஸ் வந்தால் கேஸ் வந்ததாக ஆகாது

வக்கீல் நோட்டீஸ் என்பது எதிர்த்தரப்பு தன் வக்கீல் மூலம் எழுதும் கடிதம். அதைக் கோர்ட் அனுப்பவில்லை, போலீஸும் அனுப்பவில்லை. அதில் உங்கள் மீது எந்த வழக்கும் பதிவாகவில்லை. ஒரு கோடி என்ற தொகையைப் பார்த்துத்தான் உங்கள் நண்பர் சாப்பிடாமல் கிடக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நோட்டீஸில் எத்தனை கோடி எழுதினாலும் செலவு ஒன்றுதான். அதே தொகையைக் கேட்டுத் தமிழ்நாட்டில் சிவில் வழக்குத் தொடுக்க வேண்டுமென்றால் நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம், அதாவது மூன்று லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். கட்டிவிட்டு, அவ்வளவு பெரிய தொகையை வாங்க, தங்களுக்கு உண்மையில் என்ன நஷ்டம், அது உங்கள் வீடியோவால்தான் வந்தது என்று காட்டவும் வேண்டியிருக்கும். அவதூறுக்கான நஷ்டஈட்டு வழக்கை வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட்டாக வேண்டும் என்ற காலக்கெடுவும் இருக்கிறது.

கிரிமினல் பக்கம் பார்த்தால், அவதூறு இப்போது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் வருகிறது. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமுதாயச் சேவை. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் இந்தக் குற்றத்துக்குப் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது. பாதிக்கப்பட்டவர் நேரே மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும். புதிய நடைமுறைச் சட்டத்தின்படி அந்தப் புகாரை மாஜிஸ்திரேட் கோப்பில் எடுப்பதற்கு முன் உங்கள் தரப்பையும் கேட்க வாய்ப்புத் தர வேண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றமும்கூட. நள்ளிரவில் கதவைத் தட்டுவார்கள் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவதூறுக்காக அப்படி நடக்காது.

அதற்காக நோட்டீஸைப் பேசாமல் மடித்து வைத்துவிடாதீர்கள். பதில் தராவிட்டால், ஒப்புக்கொண்டதால்தான் வாயடைத்துப் போனார்கள் என்று பின்னால் வாதாட இடம் கொடுத்துவிடும்.

திரையில் தெரிவது வரை உங்கள் பேச்சு

இந்த விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் எவ்வளவு தெளிவாக நிற்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பொதுமக்களின் தீர்ப்புக்கு என்று ஒருவர் முன்வைத்த படைப்பின் தரத்தைப் பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் எந்தக் கருத்தும் அவதூறு ஆகாது. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்திலேயே ஆறாவது விதிவிலக்காக இது இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்திலும் தொடர்கிறது. மேடையேறும் நடிகரும் பாடகரும் தங்கள் நடிப்பையும் பாட்டையும் மக்கள் தீர்ப்புக்கு வைத்தவர்கள்தான் என்று சட்டமே உதாரணம் தருகிறது. டிக்கெட் எடுத்துப் பார்த்த உங்களுக்கு "நடிக்க வரவில்லை" என்று சொல்ல முழு உரிமை உண்டு.

எல்லை எங்கே இருக்கிறது என்பதற்கும் சட்டம் ஓர் உதாரணம் வைத்திருக்கிறது. ஒருவர் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு, "இது முட்டாள்தனமான புத்தகம், எழுதியவருக்குத் தெளிவில்லை" என்றால் பாதுகாப்பு உண்டு. ஏனென்றால் புத்தகத்தில் தெரிந்ததை வைத்துத்தான் ஆளைப் பற்றியும் பேசுகிறீர்கள். அதையே திருப்பி, "இந்த ஆள் ஒழுக்கம் கெட்டவன், இவன் புத்தகம் இப்படி இருப்பதில் ஆச்சரியம் இல்லை" என்றால் பாதுகாப்பு போய்விடுகிறது. அங்கே புத்தகத்துக்கு வெளியே இருக்கிற ஆளைப் பற்றி நீங்களே ஒரு முடிவு சொல்கிறீர்கள். படைப்பில் தெரிகிற அளவுக்கு மட்டும், அதற்கு மேல் இல்லை.

உங்கள் வீடியோவை இந்தக் கண்ணோடு பாருங்கள். "இரண்டாம் பாதியில் கதை இல்லை", "ஹீரோவுக்கு அழ வரலை", "இரண்டரை மார்க்குக்கு மேல் தேறாது". இவை எல்லாம் திரையில் இருப்பதைப் பற்றியவை. எவ்வளவு காரமாகச் சொன்னாலும் கவலை இல்லை, ஒரு வார்த்தையைக்கூட நீங்கள் திரும்பப் பெற வேண்டியதில்லை. 2024 டிசம்பரில், படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணைய விமர்சனங்களைத் தடுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் சங்கம் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அப்படிப் பொதுவாகத் தடை போட நீதிமன்றம் மறுத்துவிட்டது. முதல் நாள் முதல் காட்சி முடிந்து வெளியே வந்து ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்வது நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக நடப்பது. அதில் தப்பே இல்லை.

மற்ற இரண்டு வாக்கியங்கள் அப்படி இல்லை. கதையைத் திருடினார் என்பதும் கறுப்புப் பணம் என்பதும் ரசனை சார்ந்த கருத்துகள் இல்லை. குறிப்பிட்ட ஒருவர் குற்றம் செய்தார் என்று சொல்வது. உண்மை, பொதுநலனுக்காகச் சொன்னோம் என்று நீங்கள் வாதாடலாம்தான். ஆனால் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். உங்கள் நண்பரிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? "சென்னையில் சினிமாவில் இருக்கும் ஒருத்தர் சொன்னார்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது நீதிமன்றத்தில் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. ஒரு காட்சி வேறொரு படத்தின் காட்சியைப் போல இருக்கிறது என்று தோன்றினால் இரண்டையும் ஒப்பிட்டு, எங்கே எப்படி என்று சொல்லுங்கள், அது விமர்சனம். கதை உண்மையிலேயே திருடு போயிருந்தால், பறிகொடுத்தவர் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போகட்டும். அவர் சார்பில் நீங்கள் டீக்கடையில் தீர்ப்பு எழுத வேண்டாம்.

சொன்னவர் ஒருவர், மாட்டப்போவது சேனல்காரர் என்று நினைக்கிறீர்கள். சொன்னவருக்கும் பொறுப்பு உண்டு, அதை வெட்டாமல் வெளியிட்டவருக்கும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தார் என்பதற்காக மட்டும் மற்ற நால்வர் மேல் அவதூறு வராது.

இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். உங்கள் பழைய வீடியோக்கள் சிலவற்றில், படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்து இயக்குநர் "யாரு ஆளு" என்று போய் முடிவதாக எழுதியிருக்கிறீர்கள். அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2023-ல் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவரைச் சாதி வெறியில் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகும் நம் பக்கத்தில் ஒரு படம் யார் எடுத்தது, யாருக்காக எடுத்தது என்று கணக்குப் பார்த்துத்தான் பல இடங்களில் கைதட்டுகிறார்கள். சாதி சொல்லி வெறுப்பைத் தூண்டும் பேச்சு பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவில் வரும். அங்கே போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம், ஜாமீனும் எளிதில் கிடைக்காது. பட்டியல் சாதியினரை இழிவுபடுத்தும் பேச்சென்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். சட்டம் இருக்கட்டும். ஒருவர் எடுத்த படத்தை அவர் பிறப்பை வைத்து மதிப்பிடுவது மனிதருக்கு அழகில்லை. அந்த வீடியோக்களை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நோட்டீஸ் வந்ததற்காக எடுக்க வேண்டாம், அது தப்பு என்பதற்காக எடுங்கள்.

அந்த 40 விநாடி

"30 விநாடிக்குள் இருந்தால் காப்பிரைட் கிடையாது, 10 விநாடிதானே கூடிப்போச்சு" என்கிறீர்கள். இப்படி ஒரு விநாடிக் கணக்கு இந்தியச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52-ஆம் பிரிவில், விமர்சனத்துக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் பயன்படுத்தலாம் என்கிறது. எதற்காக எடுத்தீர்கள், எவ்வளவு எடுத்தீர்கள், நீங்கள் பேசும் விஷயத்துக்கு அது தேவையா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். ஐந்து விநாடி எடுத்தாலும் தேவையில்லாமல் எடுத்தால் தவறு.

உங்கள் சிக்கல் அளவில் இல்லை, எடுத்த இடத்தில் இருக்கிறது. சினிமாட்டோகிராப் சட்டத்தில் 2023-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, உரிமம் பெற்ற தியேட்டருக்குள் திருட்டுப் பிரதி எடுக்கும் நோக்கத்தோடு படத்தையோ அதன் ஒரு பகுதியையோ பதிவு செய்வது தனிக்குற்றம். குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது மூன்று லட்சம், மேலே படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். பதிப்புரிமைச் சட்டத்தின் விதிவிலக்குகள் இங்கேயும் பொருந்தும் என்பதால், விமர்சனத்துக்காகத்தான் எடுத்தோம் என்று வாதாட இடம் இருக்கிறது. அதை நீதிமன்றத்தில் பரீட்சை செய்து பார்க்கும் ஆளாக நீங்கள் இருக்க வேண்டாம். அந்தத் துண்டை வெட்டிவிடுங்கள். இனி ஏதாவது காட்ட வேண்டுமென்றால், படக்குழு வெளியிட்ட டிரெய்லரிலிருந்து நீங்கள் பேசும் காட்சிக்கு நேரான சில விநாடிகள் போதும்.

யூடியூப் நிறுவனத்தின் விதி தனி. 90 நாட்களுக்குள் மூன்று காப்பிரைட் ஸ்டிரைக் வந்தால் சேனலே போய்விடும்.

மொட்டை மாடிதான் எனக்குக் கவலை

"டிக்கெட் போடவில்லை, சுண்டலுக்குத்தான் காசு" என்கிறீர்கள். "ஓடிடிக்குச் சந்தா கட்டியிருக்கிறோம், பிறகு என்ன" என்கிறீர்கள். இரண்டும் உங்களைக் காப்பாற்றாது.

ஓடிடி சந்தா என்பது வீட்டில், குடும்பத்தோடு பார்ப்பதற்கு. நண்பர்கள் ஆறு பேர் ஹாலில் உட்கார்ந்து பார்த்தால் யாரும் கேட்கப்போவதில்லை. ஊரைக் கூட்டித் திரையில் போடுவதற்கு அந்தச் சந்தா அனுமதி தருவதில்லை. அழைத்தால் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஆகிவிட்டால் அது பொதுக் காட்சி. நாற்பது பேர், வாராவாரம், வசூலோடு என்றால் வீட்டுக்குள் நடந்தது என்று சொல்ல வாய் வராது.

டெலிகிராமில் இறக்கிய படம் அதைவிட மோசம். தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். இந்தக் குற்றம் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடியது, ஜாமீனில் விட முடியாதது என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அவதூறுக்குச் சொன்னதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் நடுங்கிக்கொண்டிருக்கும் விமர்சனத்துக்குப் போலீஸ் வர முடியாது, நீங்கள் சுண்டல் விற்றுக்கொண்டிருக்கும் மாடிக்கு வர முடியும். வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்று காட்டினால் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. அந்த 20 ரூபாய் வசூல் அந்த வாதத்தைத்தான் பலவீனமாக்கும். மேலே சொன்ன 2023 திருத்தமும், உரிமம் இல்லாத இடத்தில் லாபத்துக்காகத் திருட்டுப் பிரதியைப் பொதுமக்களுக்குக் காட்டுவதற்கு அதே மூன்று லட்சத்துக்குக் குறையாத அபராதத்தை வைத்திருக்கிறது. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தில்கூட 2004-ல் வீடியோ திருட்டைச் சேர்த்திருக்கிறார்கள். அது தொழிலாகச் செய்கிறவர்களைக் குறிவைத்தது, உங்கள் மேல் பாயும் என்று மிரட்ட இதைச் சொல்லவில்லை. அரசு இதை எவ்வளவு கடுமையாகப் பார்க்கிறது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இடத்துக்கும் உரிமம் வேண்டும். களக்காடு, வள்ளியூர்ப் பக்கம் பெரியவர்களைக் கேட்டால் கீற்றுக்கொட்டகை டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்த கதையைச் சொல்வார்கள். அந்தக் கொட்டகைக்கும் 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் உரிமம் எடுக்க வேண்டியிருந்தது. தீ, மின்சாரம், கூட்டம் என்று ஆள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால்தான் அந்தச் சட்டமே. கைப்பிடிச் சுவர் தாழ்ந்த பழைய வீட்டு மாடியில் இருட்டில் நாற்பது பேர், அதில் பாதிக்கு மேல் குழந்தைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். வழக்கை விடுங்கள், ஒரு பிள்ளை தவறி விழுந்தால் என்ன செய்வீர்கள்? இப்போது தணிக்கைச் சான்றிதழில் 7, 13, 16 வயது என்று பிரித்துத் தருகிறார்கள். உங்கள் மாடியில் அதை யார் பார்த்தார்கள்? இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பதும் இருக்கிறது.

இந்தச் சனிக்கிழமை முதல் நிறுத்திவிடுங்கள். இறக்கி வைத்திருக்கும் படங்களையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஊர் கூடிப் படம் பார்க்கும் ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. அது நல்ல ஆசை, அதற்கு நேர்வழி இருக்கிறது. சத்யஜித் ராயும் நண்பர்களும் 1947-ல் கல்கத்தாவில் ஒரு திரைப்படச் சங்கம் ஆரம்பித்தார்கள். 1959-ல் அப்படிப்பட்ட சங்கங்கள் சேர்ந்து இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. நீங்களும் அப்படி ஒன்றைத் தொடங்கலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் ஏழு பேர் இருந்தால் பதிவு செய்யலாம். ஆறு பேர் இருக்கிறீர்கள், இன்னும் ஒருவரைப் பிடிக்க வேண்டும். குறும்படம், ஆவணப்படம் எடுத்தவர்களிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள், பலர் சந்தோஷமாகத் தருவார்கள், பேசவும் வருவார்கள். படத்தின் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1960-ல் வந்த படத்துக்கு 2020 கடைசியில் முடிந்துவிட்டது. அதில் உள்ள பாட்டுக்கும் மூலக்கதைக்கும் தனிக் கணக்கு உண்டு என்பதால் ஒவ்வொரு படத்துக்கும் விசாரித்துவிட்டுப் போடுங்கள். ஏற்கனவே உரிமம் உள்ள ஒரு தியேட்டரில் கூட்டமில்லாத காலைக் காட்சியை மொத்தமாகக் கேட்டுப் பார்ப்பதும் ஒரு வழி.

வாங்கிய 5,000 ரூபாய்

விமர்சனத்துக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு முழுக்க நல்லெண்ணம் என்ற ஒரே தூணில் நிற்கிறது. அந்தத் தூணை உங்கள் நண்பர் 5,000 ரூபாய்க்கு விற்றுவிட்டார். நாளைக்கு வழக்கு வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, "காசு வாங்கிக்கொண்டு மார்க் போடுகிறவர்கள்தானே, எங்கள் படத்தைத் திட்ட யாரிடம் வாங்கினீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும். காசு வாங்கி ஒன்றைப் பரிந்துரைப்பவர் அதைப் பார்ப்பவருக்குத் தெரியும்படி சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதலும் இருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் வரை அபராதம் போகலாம்.

பணத்தை வங்கி மூலம் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். அந்த வீடியோவை எடுத்துவிட்டு, ஏன் எடுத்தோம் என்று சேனலில் சொல்லச் சொல்லுங்கள். நோட்டில் அந்தப் படத்துக்கு நீங்கள் மனசாரப் போட்ட மார்க் நாலரை என்கிறீர்கள். அதைச் சொல்லலாம்.

உங்கள் வேலை, உங்கள் நண்பர்

விண்ணப்பத்தில் குற்ற வழக்கு நிலுவையில் உள்ளதா என்று கேட்டால், வக்கீல் நோட்டீஸ் அதில் வராது. இப்போதைக்கு "இல்லை" என்பதே உண்மையான பதில். பின்னால் ஏதாவது வழக்கு வந்துவிட்டால் மட்டும் மறைக்காதீர்கள். அற்பமான வழக்கைப் பொறுத்துக்கொள்ளும் துறைகூட, மறைத்ததைப் பொறுக்காமல் போகலாம். அவதார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரமும், கேட்ட தகவலை உண்மையாகத் தர வேண்டும் என்பதுதான்.

அப்பா சொல்வதில் அவருடைய பயம் தெரிகிறது. அவரிடம் நோட்டீஸை வாசித்துக் காட்டி, மாடிக் காட்சியை நிறுத்திவிட்டோம் என்றும் சொல்லுங்கள். பாதிப் பயம் போய்விடும். நட்பை விட வேண்டிய காரணம் எதுவும் இந்தக் கடிதத்தில் எனக்குத் தெரியவில்லை. படம் பார்த்துவிட்டு, பிடித்தது பிடிக்கவில்லை என்பதோடு நிற்காமல், ஏன் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் ஆறு பேர் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

அந்த வார்த்தையைச் சொன்ன நண்பரை நீங்கள் ஐந்து பேரும் ஒதுக்கி வைத்திருப்பது சரியில்லை. சொன்னது அவர், ஆனால் அன்றைக்கு எல்லோரும் சிரித்திருக்கிறீர்கள், வீடியோவை வெட்டாமல் போட்டிருக்கிறீர்கள், அதற்குத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள் என்று சந்தோஷப்பட்டுமிருக்கிறீர்கள். சட்டப்படியும் அவர் உங்களோடு நிற்பதுதான் நல்லது. ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுத் தனித்தனியாகப் பதில் எழுதினால், எதிர்த்தரப்புக்கு நீங்களே சாட்சி எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இன்றைக்கே அவர் வீட்டுக்குப் போங்கள். பதிலைத் தயார் செய்யும்போது அவரும் உட்கார வேண்டும்.

ஏழு நாளுக்குள் செய்ய வேண்டியது

முதலில் வீடியோவின் முழுப் பிரதியையும், வெளியிட்ட தேதி தெரியும் பக்கத்தையும் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். பிறகு பொதுப் பார்வையிலிருந்து அதை எடுத்துவிட்டு, அந்த இரண்டு வாக்கியங்களையும் 40 விநாடிக் காட்சியையும் நீக்கிய வடிவத்தைத் தயார் செய்யுங்கள். தயாரிப்பாளர் தரப்புக்குப் போன் செய்வது, வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்பது, சேனலில் சவால் விடுவது எதுவும் வேண்டாம்.

உள்ளூர் வக்கீல் ஒருவர் மூலம் ஸ்பீட் போஸ்டில் பதில் அனுப்புங்கள். அதில் மூன்று விஷயம் போதும். படத்தைப் பற்றிய எங்கள் மதிப்பீடு நல்லெண்ணத்தோடு சொன்னது, அதில் மாற்றம் இல்லை. கதை, பணம் பற்றிய இரண்டு வாக்கியங்களை நீக்கிவிட்டோம், அவற்றுக்கு வருந்துகிறோம். நஷ்டஈட்டுக் கோரிக்கையை ஏற்கவில்லை. வருத்தம் தெரிவிப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்காதீர்கள். இப்படிப்பட்ட பதிலோடு விஷயம் முடிந்துபோவதை நிறையப் பார்த்திருக்கிறேன். மாடிக் காட்சி பற்றி நோட்டீஸில் ஒன்றும் இல்லை, பதிலில் நீங்களாக இழுக்க வேண்டாம்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய் மனுக் கொடுங்கள். வருமான வரம்புக்குள் வருகிறவர்களுக்கும், வருமானம் எதுவாக இருந்தாலும் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. போகும்போது நோட்டீஸ், அது வந்த உறை, வீடியோவின் பிரதி, உங்கள் மார்க் நோட்டு நான்கையும் எடுத்துப் போங்கள். ஒவ்வொரு படத்துக்கும் தேதி போட்டு, காரணத்தோடு மார்க் எழுதியிருக்கும் அந்த நோட்டு, நீங்கள் யார் மேலும் பகை வைத்துப் பேசவில்லை என்று காட்ட உங்களிடம் இருக்கும் நல்ல சாட்சியம். அதில் இனிமேல் எதையும் அடித்துத் திருத்தாதீர்கள்.